ஐம்பது பாயிண்டுக்கு ஒரு தூக்குப்போசி

மருந்துக் கடைக்குச் சிரித்துக்கொண்டு வருகிறவர் யாருமில்லை. பில்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறவரும் யாருமில்லை. நடுவில் உட்கார்ந்து பில் போடுகிறவனுக்குத்தான் அவ்வப்போது சிரிப்பு வரும். அதையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

மாதம் பிறந்ததும் அரிசிக்கு முன்னால் மாத்திரைக்குப் பணம் எடுத்துவைக்கும் உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நீங்கள் படுகிற பாட்டை இந்தப் பக்கத்திலிருந்து நானும் பட்டேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பள்ளிபாளையத்தில் பதினாறு வருடமாக மருந்துக் கடை நடத்துகிறவள் என் மனைவி பூங்கொடி. பார்மசி படித்தது அவள், லைசென்ஸும் அவள் பேரில். நான் சேலத்தில் ஒரு நாளிதழில் இருபத்தாறு வருடம் ஊரார் விபத்துகளை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் பில் போடும் பதவிக்கு உயர்ந்தவன். போன பங்குனியில் எங்கள் கடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய கம்பெனியின் கிளை திறந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் பலூன், எல்லா மருந்துக்கும் இருபது சதவீதம் தள்ளுபடி. திறந்த வாரமே அந்தக் கடை மேனேஜர் சாலையைத் தாண்டி வந்து, ரொம்ப மரியாதையாக, பூங்கொடிக்கு அங்கே பார்மசிஸ்ட் வேலை தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் கட்டட ஒப்பந்தம் தையோடு முடிகிறது. பூங்கொடி என்னிடம் தெளிவாகச் சொன்னாள்: "தை வரைக்கும் பாக்கலாமுங்க. ஆள் வந்தா கடை. வல்லீன்னா ரோட்டைத் தாண்டிப் போயி அந்த ஏசில நின்னுக்கறேன்." அவளுக்காவது ஏசி இருந்தது. அந்த மேனேஜர் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஆகவே நான் யோசித்தேன். நூறு ரூபாய்க்கு மருந்து வாங்கினால் ஒரு பாயிண்ட். ஐம்பது பாயிண்ட் சேர்ந்தால் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி, சோறு எடுத்துப்போகிற தூக்குவாளி, மூடியோடு. அட்டை எதுவும் வேண்டாம், செல் நம்பர் சொன்னால் போதும், பாயிண்ட் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். இருபது சதவீதத்தை இருபது சதவீதத்தால் அடிக்க முடியாது, போசியால் அடிக்கலாம் என்பது என் கணக்கு.

மூன்று பாயிண்ட் குறைவு

ஆடி மாதம் ஒரு காலையில் பழனிசாமி அண்ணன் வந்தார். இரண்டு லாரி வைத்திருந்து, இரண்டையும் விற்றுவிட்டு, இப்போது உடம்பை மட்டும் பராமரித்து வருகிறவர். அவர் நம்பருக்கு நாற்பத்தேழு பாயிண்ட் இருந்தது. இன்னும் மூன்று சேர்ந்தால் போசி. ஆனால் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வருத்தத்தை நான் சில ஆஸ்பத்திரி வாசல்களில்தான் பார்த்திருக்கிறேன்.

பஞ்சு, பேண்டேஜ், தைலம் என்று ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "வேண்டாதத வாங்கறது வீண் செலவுங்க" என்று மறுத்துவிட்டார். பேரனுக்குச் சளி பிடிக்கும் போலிருந்து பிடிக்காமல் போய்விட்டதாம். சம்பந்தி வீட்டில் ஒருவருக்கு முதுகுவலி, அவரும் எதிர்க்கடையில் வாங்கிவிட்டாராம். கொஞ்ச நேரம் அலமாரிகளைச் சாப்பாட்டுக் கடைப் பலகை போல மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங்க, மூணு பாயிண்டுக்கு எந்த நோவுக்குங்க செலவு கம்மி?"

எண்ணெய் ஊறிய கூப்பன்

அடுத்து, பத்திரிகைக்காரன் புத்தி. துண்டுச் சீட்டு அச்சடித்துக் காலைப் பேப்பருக்குள் வைத்து அனுப்பினேன். ஓரத்தில் கத்தரிக்கோல் படம், புள்ளிக்கோடு, 'இதை வெட்டிக் கொண்டுவந்தால் இரண்டு பாயிண்ட் கூடுதல்'. முதல் இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் கூட்டம். எல்லோர் கையிலும் கூப்பன், எல்லாக் கூப்பனிலும் எண்ணெய். சிலவற்றில் கடலைமாவு. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவர் தெரிந்தார்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பேப்பர் போடுகிறவர் மீந்த கட்டை முழுவதையும் முனைக் கடை பஜ்ஜிக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அவர் ஒவ்வொரு பஜ்ஜியையும் ஒரு கூப்பனில் மடித்துக் கொடுத்தார். செய்தி பரவி, கூப்பனுக்காகவே ஜனங்கள் பஜ்ஜி வாங்கினார்கள். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் ஆறு கூப்பன் கொண்டுவந்தார். ஆறு பஜ்ஜியையும் என்ன செய்தீர்கள் என்று பூங்கொடி கேட்டதற்கு, உணவை வீணாக்கலாமா என்றார். அன்று சாயங்காலம் பஜ்ஜிக்காரரே தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கூப்பனால ஏவாரம் நல்லாருக்குதுங்க. அடுத்த தடவ கொஞ்சம் கெட்டித் தாள்ல போடுங்க, எண்ணெ ஊறுது."

துண்டுக்குள் தள்ளுபடி

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுத் தரகர் பிரஷர் மாத்திரைக்கு மாதம் ஒரு முறை வருவார். எதிர்க்கடையின் இருபது சதவீதம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "நீங்க எவ்வளவு போடுவீங்க?" என்றார். "பாயிண்ட் தருவோம், தள்ளுபடி இல்லீங்க" என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கைமேல் போட்டார். அதற்குள் அவர் கையை விட்டு என் விரல்களைப் பிடித்தார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற முறை அது. சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாமல் விரலிலேயே பேரம் முடியும்.

அவர் என் நடுவிரலை அழுத்தினார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. மரியாதைக்கு நானும் எதையோ அழுத்தினேன். அவர் முகம் சுருங்கி, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தார். நான் பயந்து கையை இழுத்தேன். அதையும் அவர் பதிலாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, முகம் மலர்ந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பணத்தை எண்ணி வைத்தார். நாற்பது ரூபாய் குறைந்தது. கவுண்டரில் நின்ற பூங்கொடி, "என்னங்க பேசுனீங்க?" என்று என்னைக் கேட்டாள். எனக்கே தெரியாததால் நான் அவரைக் கேட்டேன். அவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நாம ரெண்டு பேரும் பேசுனத வெளிய சொல்லக்கூடாதுங்க. சொன்னா தொழிலுக்கு மரியாதையில்ல."

ஈஸ்வரியின் நம்பர்

எங்களுக்குப் பின்தெருவில் பதினாலு லைன் வீடுகள். ஒரே சுவர், பதினாலு கதவு. எல்லோரும் தறிப்பட்டறை வேலைக்காரர்கள். அதில் ஆறாவது கதவு ஈஸ்வரியுடையது. ஐம்பத்திரண்டு வயது, பட்டறையில் நூல் சுற்றுகிறவள். மாதாந்திரச் சீட்டு நடத்தி, அதில் ஒருவரும் ஏமாந்ததாகப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டவள். பாயிண்ட் திட்டத்தைக் கேட்டதும் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு ஐம்பது பாயிண்ட் சேர ஐந்து மாதம் ஆகும். பதினாலு வீடும் ஒரே நம்பரில் வாங்கினால் மாதம் இரண்டு போசிக்குக் குறையாது. வந்த போசியைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்துவிடலாம்.

ஞாயிறுதோறும் அவள் பதினாலு வீட்டு மருந்துச் சீட்டுகளோடு வந்தாள். முன்பெல்லாம் பூங்கொடி ஒவ்வொருவர் மருந்தையும் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே பேரும் வேளையும் எழுதிக் கொடுப்பாள். ஒரே நம்பர், ஒரே பில், அப்புறம் எதற்குப் பதினாலு கவர் என்று அதை ஒரே பையாக மாற்றியவன் நான். "தனியாப் போடுங்க" என்றாள் பூங்கொடி. பாயிண்ட் ஏறுகிற வேகத்தைக் காட்டினேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் பேசியது. மருந்து தீரும் நாளில் தானாகவே செய்தி அனுப்பும் வசதி அதில் இருந்தது. ஆகவே ஈஸ்வரியின் போனுக்கு, "உங்கள் கர்ப்பகால இரும்புச்சத்து மாத்திரை தீரப்போகிறது" என்று ஒரு நாள் போயிற்று. மறுநாள், "உங்கள் குழந்தைக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் காலம் வந்துவிட்டது." முதல் செய்தியை அவள் புருஷன் முருகேசன் படித்திருக்கிறார். அவர் கோபப்படவில்லை. கடைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, போனை என்னிடம் காட்டி நிதானமாகக் கேட்டார்: "எனக்கே தெரியாததுங்க. உங்களுக்கு எப்படி மொதல்ல தெரிஞ்சுது?"

நட்சத்திர வாடிக்கையாளர்

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஐப்பசியில் கடை வாசலில் ஒரு பலகை வைத்தேன்: 'இம்மாத நட்சத்திர வாடிக்கையாளர்: திருமதி ஈஸ்வரி.' பெரிய எழுத்தில், பக்கத்தில் பூப்படம். துணிக்கடையில் வைத்தால் பெருமையாக இருந்திருக்கும். மருந்துக் கடையில் வைத்தால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டே நாளில் ஈஸ்வரி வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. முதலில் பட்டறை ஆட்கள், பிரெட்டும் சாத்துக்குடியுமாக. பிறகு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து நாத்தனார். கடைசியாகக் குமாரபாளையத்திலிருந்து பெரியப்பா மகன், வேன் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு. எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவள் வேலைக்குப் போக முடியாமல் மூன்று நாள் காபி போட்டிருக்கிறாள். நான்காம் நாள் ஒரு பை நிறையச் சாத்துக்குடியைக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "போர்ட அழிச்சுப்போடுங்கண்ணா. பாயிண்ட அழிச்சுறாதீங்க."

பதினாலு பேருக்கு ஒரு நோயாளி

கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. ஈரோட்டிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குப் போன். பேசியவர் டாக்டர். பட்டறையில் மயங்கி விழுந்த ஈஸ்வரியை அங்கே கொண்டுபோயிருந்தார்கள். கூடப் போனவர்கள் அவள் போனிலிருந்த எங்கள் பில்லைக் காட்டியிருக்கிறார்கள்.

"சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கு. குளுக்கோஸ் ஏத்தியாச்சு" என்றார் டாக்டர். "எந்த மாத்திரையால இறங்குச்சுன்னு தெரிஞ்சாத்தான் எத்தனை நேரம் வெச்சுப் பாக்கணும்னு சொல்ல முடியும். உங்க பில்லுல சர்க்கரைக்கு மூணு மாத்திரை இருக்கு, பிரஷருக்கு நாலு, தைராய்டு இருக்கு, மூட்டுவலி இருக்கு, கர்ப்பிணி மாத்திரை இருக்கு, குழந்தைக்குப் பூச்சி மருந்து இருக்கு. இந்தம்மா இதுல எதைச் சாப்பிடறாங்க?" நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதில் எல்லாமே ஈஸ்வரி சாப்பிட்டதாகத்தான் இருந்தது. பூங்கொடி என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அவங்களுக்குச் சர்க்கரையே கெடையாதுங்க டாக்டர். பிரஷருக்குக் காலைல ஒண்ணு, அவ்வளவுதான். பத்து நிமிஷம் குடுங்க, சொல்றேன்."

ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்தெருவுக்கு ஓடினோம். பூங்கொடி ஒரு கயிற்றுக்கட்டிலை வாசலில் போடச் சொல்லி, வீட்டிலுள்ள மாத்திரையெல்லாம் கொண்டுவரச் சொன்னாள். நாங்கள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பது வழக்கம். கத்தரித்த துண்டில் மருந்தின் பேர் பாதிதான் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. கட்டில் நிரம்பியது. அது என்னுது, இல்ல இது என்னுது, செவப்புதான் எனக்கு, எனக்கும் செவப்புதான் என்று பேச்சு. பூங்கொடி யாரையும் கேட்கவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் பார்த்து, கதவு வாரியாக வைத்துக்கொண்டே போனாள். பதினாலு வீட்டு நோயும் அவளுக்கு மனப்பாடம். ஈஸ்வரி வீட்டு டி.வி. பெட்டி மேலிருந்து வந்த துண்டு, ஒன்பதாவது கதவுப் பாவாயியம்மாளின் சர்க்கரை மாத்திரை. இரண்டு குறைந்திருந்தது. பாவாயியம்மாள் வீட்டில் இருந்தது ஈஸ்வரியின் பிரஷர் மாத்திரை. அதிலும் இரண்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பையைப் பிரிக்கும்போது மாறியிருக்கிறது.

பூங்கொடி மாத்திரையின் பேரையும் அளவையும் டாக்டருக்குச் சொன்னாள். நீண்ட நேரம் வேலை செய்கிற மாத்திரை, ஒரு நாள் முழுக்க இங்கேயே இருக்கட்டும், பயமில்லை என்றார் அவர். விஷயம் கேட்டு வேலையை விட்டு ஓடிவந்திருந்த முருகேசன் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நான் அவரைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவாயியம்மாளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பூங்கொடி பிரஷரைச் சோதித்துவிட்டு, அவளுடைய சொந்த மாத்திரையை அவளிடமே நீட்டினாள். அதை அவள் வாங்கவில்லை. "ரெண்டு நாளா எனக்குக் கிறுகிறுப்பே இல்ல. என்னுது அவளுக்கு ஒத்துக்காட்டி போகுது, எனக்கு அவளுதையே குடு சாமி."

ஒன்பது போசி

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈஸ்வரி எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் ஓரத்தில் வரிசையாக ஒன்பது தூக்குப்போசிகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே மூடி. அதுவரை லைன் வீட்டுக்கு நான் கொடுத்த ஒன்பதும் அங்கே வந்திருந்தன. ஒன்றில் அவளுக்கு இட்லி. ஒன்றில் முருகேசனுக்குப் பழைய சோறு. ஒன்றில் கஞ்சி, ஒன்றில் வெந்நீர், ஒன்றில் யாரோ வேண்டிக்கொண்ட சர்க்கரைப் பொங்கல். எது எதில் என்று கொண்டுவந்தவர்களுக்கே தெரியவில்லை. கட்டிலைச் சுற்றி மறுபடியும் அது என்னுது, இது என்னுது.

நர்ஸ் நோயாளிக்குச் சாப்பாடு கொடுக்க ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். நான்காவது மூடியில் பொறுமை தீர்ந்தது. இதெல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்டார். அறையிலிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போசி குடுத்தவரு பேர் எழுத ஒரு பேனாவும் சேத்துக் குடுத்திருக்கலாம்."

ஒரு இருமல்

திரும்பி வந்ததும் பூங்கொடி திட்டத்தை மூடினாள். என்னைக் கேட்கவில்லை. பதினாலு கவர், பதினாலு பேர், ஒவ்வொன்றிலும் வேளை, கொட்டை எழுத்தில். வீடு திரும்பிய ஈஸ்வரி கடைக்கு வந்தபோது, தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். "பையப் பிரிச்சவ நாந்தானுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பேர் எழுதிய கவரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துப் பையில் வைத்தாள்.

திட்டம் முடிந்தது என்று வாசலில் எழுதி ஒட்டினேன். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பழனிசாமி அண்ணன் பின்னால் வந்து நின்றார். படித்தார். அவர் நம்பரைப் பார்க்கச் சொன்னார். நாற்பத்தொன்பது. கடையில் இன்னும் இரண்டு போசி மீதி இருந்தது, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நியாயமில்லாமல் வாங்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். போகும்போது படியில் நின்று தலையை ஆட்டினார். "ஒரே ஒரு இருமல்ல விட்டுட்டனுங்க."

ரோட்டுக்கு இந்தப் பக்கம்

போசி நின்றால் கூட்டமும் நிற்கும் என்று நினைத்தேன். தைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஆனால் மார்கழியில் ஒரு விசித்திரம் நடந்தது. எதிர்க்கடைக் கவரோடு ஆட்கள் எங்கள் கடைக்கு வந்தார்கள். இருபது சதவீதத் தள்ளுபடியில் அங்கே வாங்கிக்கொண்டு, நேராகச் சாலையைத் தாண்டி, "இத எப்பச் சாப்புடோணும், எழுதிக் குடுங்கக்கா" என்று பூங்கொடியிடம் நீட்டினார்கள். ஈஸ்வரி கதை ஊர் முழுக்கப் போயிருந்தது. பூங்கொடி யார் கவர் என்று பார்க்காமல் எழுதிக் கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. சரக்கு அங்கே, சொல்வது இங்கே. ஆனால் எங்கள் சாலையில் சாயங்காலம் நூல் லாரிகள் போகும். அதைத் தாண்டுவது சின்ன வேலையில்லை. இரண்டு தடவை தாண்டிச் சலித்தவர்கள் மூன்றாம் தடவை இங்கேயே வாங்கிவிட்டார்கள். லைன் வீட்டுப் பதினாலு கதவும் எங்கும் போகவில்லை.

தை இரண்டாம் வாரம் எதிர்க்கடை மேனேஜர் மறுபடி வந்தார். அப்போது கவுண்டரில் நான்கு பேர் நின்றார்கள், அதில் இரண்டு பேர் கையில் அவர் கடைக் கவர். அவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல, சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லி, அங்கே வந்துவிடும்படி பூங்கொடியை அழைத்தார். கட்டடக்காரர் கொண்டுவந்த புது ஒப்பந்தம், இன்னும் கையெழுத்தாகாமல், மேசையில் மாத்திரை டப்பாவுக்கு அடியில் இருந்தது. பூங்கொடி கையிலிருந்த கவரில், அது அவருடைய கவர்தான், 'காலை ஒன்று, சாப்பிட்ட பிறகு' என்று எழுதி முடித்தாள். பிறகு அதே பேனாவால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்க கஸ்டமருக்கும் நான் இங்கிருந்தேதானுங்க சொல்லீட்டிருக்கேன். அதுக்கு எதுக்கு ரோட்டைத் தாண்டோணும்?"

கடை இருக்கிறது, ஈஸ்வரி இருக்கிறாள், கொடுக்காமல் மிஞ்சிய இரண்டு போசியும் மேல் அலமாரியில் இருக்கின்றன. இந்த மூன்றில் என் யோசனையால் வந்தது போசி மட்டும்தான்.